சனிக்கிழமை மினுவே

கஜீவனைப் பற்றிக் குறை சொல்ல யாராலும் முடியாது. அவன் மனைவி பிரஷாந்தினியாலும் முடியாது. அவளுக்கு இருந்த பெரிய கரைச்சலே அதுதான்.

குடிக்க மாட்டான். கை நீட்ட மாட்டான். குரலைக்கூட உயர்த்த மாட்டான். கடல்கடந்து வந்த பிரெஞ்சு நகரத்தில், இல்-பிசார் என்ற தீவில், ஆற்றிலிருந்து இரண்டு தெரு உள்ளே, தனி வீடு வாங்கி அவளைக் குடிவைத்திருந்தான். புவாண்ட்-கிளேரில் ஆஸ்பத்திரிச் சாமான்கள் அனுப்புகிற களஞ்சியம் ஒன்றில் அவன் மேற்பார்வையாளன். அங்கேயே பொதி கட்டும் பகுதியில் அவளுக்கும் வேலை எடுத்துக் கொடுத்திருந்தான். காலையில் ஒரே காரில் போவார்கள், மத்தியானம் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள், பின்னேரம் ஒரே காரில் திரும்புவார்கள். கடைக்கோ கோயிலுக்கோ பல் வைத்தியரிடமோ, எங்கே போவதென்றாலும் அவன் கூட இருப்பான். "எந்தப் பல் நோகுது?" என்று வைத்தியர் அவளைக் கேட்டால், "இடப்பக்கம், கீழே, கடைசிக்கு முதல் பல்" என்று அவன் சொல்வான். சரியாகத்தான் சொல்வான்.

டொலார்ட் முருகன் கோயிலில் பெண்கள் அவளைச் சுற்றி நின்று, "உமக்கென்ன, மனுசன் உள்ளங்கையிலை வைச்சுத் தாங்குது" என்பார்கள். அவள் சிரிப்பாள். உள்ளங்கையில் இருக்கிற பொருளுக்கு விரல்களைத் தாண்டி எதுவும் தெரியாது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

கலியாணமாகி வந்த முதல் பனிக்காலத்தில் அவள் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். நூலகத்துக்குத் தனியாக பஸ்ஸில் போய் வரட்டுமா என்று. கஜீவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு தன் தமக்கையைப் பற்றிச் சொன்னான். வன்னியில், போரின் கடைசி மாதங்களில், பதுங்குகுழிக்குள் எல்லோரும் இருக்க, "இப்ப வந்திடுவன்" என்று தண்ணீர் எடுக்கப் போனவள். போன திசையில் எறிகணை விழுந்த சத்தமும் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் அவள் திரும்பி வரவில்லை. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. "எனக்கு ஆக்கள் தனியப் போனால் நெஞ்சு அடைக்கும், பிரஷா. வேறை ஒண்டுமில்லை" என்றான்.

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. காணாமல் போன ஒரு பெண்ணோடு யார் வழக்காடுவது? பிரஷாந்தினி எங்கே இருக்கிறாள் என்று நீலப் புள்ளியாகக் காட்டும் செயலி ஒன்றைக் கஜீவன் தன் போனில் போட்டுக்கொண்டபோதும் சரி என்றாள். கார் ஓட்டும் சாரதிப் பத்திரத்துக்குப் படிக்க வேண்டாம், பனிக்காலத்தில் இந்த ரோட்டுகள் பொல்லாதவை என்றபோதும் சரி என்றாள். சரி, சரி என்று சொல்லி வருடங்கள் போயின. பிள்ளை இல்லையே என்று ஊரில் இருந்து அம்மா போனில் கவலைப்பட்டதைத் தவிர, அந்த வீட்டில் சத்தம் என்று எதுவும் எழவில்லை.

பிரெஞ்சு வகுப்பு ஒன்றுதான் அவளுக்குத் தனியாகக் கிடைத்தது. வேலையிடத்தில் எல்லோரும் பிரெஞ்சில் தேற வேண்டும் என்றார்கள். கஜீவனே தேடிப் பிடித்து, புவாண்ட்-கிளேரில் ஒரு பழைய தேவாலயத்தோடு ஒட்டிய கட்டடத்தில் சனிக்கிழமைப் பின்னேர வகுப்பில் அவளைச் சேர்த்தான். வாசலில் இறக்கிவிட்டு, வகுப்பு முடியும் வரைக்கும் பெரிய கடைத்தொகுதியில் கோப்பி குடித்துக்கொண்டு இருப்பான்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வெளியே மூக்குக்குள் உறைகிற குளிர். கார் திரும்பிப் போன பிறகு அவள் கீழ்த்தட்டு வகுப்பறைக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது. ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆசிரியை பனியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார், வகுப்புகள் ஈஸ்டருக்குப் பிறகுதான் தொடரும் என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. ஒரு சொல்லும் விடாமல் அவளுக்கு விளங்கியது. அப்படி யாரும் சொல்லித்தராமல் ஒரு முழுத் தாள் விளங்கியது அதுதான் முதல்முறை.

போன் கையில் இருந்தது. அழைத்தால் கஜீவன் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவான். அதனால்தான் அவள் அழைக்கவில்லை.

படிக்கட்டில் உட்கார்ந்தாள். என்ன செய்வது என்று தெரியவில்லை. தனியாக இருக்கக் கிடைத்த நேரத்தில் என்ன செய்வார்கள் என்பதையே மறந்துவிட்டாள் போல இருந்தது. வெளியே போக முடியாது, நீலப் புள்ளி காட்டிக் கொடுத்துவிடும். இந்தக் கட்டடத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், அவ்வளவுதான்.

அப்போது மேல்தட்டில் இசை கேட்டது. கம்பிகளை நகத்தால் கிள்ளுவது போல மெல்லிய, சலசலக்கிற இசை. அதோடு பல பேர் ஒன்றாகக் கால் வைக்கிற ஒலி. அவள் ஏறிப் போனாள்.

மரத்தளம் போட்ட ஒரு நீளமான மண்டபம். சாதாரண உடுப்போடு எட்டுப் பத்துப் பேர் கைகோத்து வட்டமாக நின்றார்கள். நடுவில் ஓர் இளம் பெண், முழங்கை கிழிந்த சுவெட்டரோடு கத்திக்கொண்டிருந்தாள். பிரஷாந்தினியைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"வந்துவிட்டீர்கள்! தொடக்க வகுப்புக்குத்தானே? ஒரு ஆள் குறைகிறது என்று இப்போதுதான் சொன்னேன்."

"இல்லை, நான் பிரெஞ்சு வகுப்பு..."

"நல்லது, இங்கேயும் எல்லாம் பிரெஞ்சில்தான்" என்றாள் அந்தப் பெண். எல்லோரும் சிரித்தார்கள். "சப்பாத்தைக் கழற்றுங்கள். என் பெயர் மோட்."

கனத்த பனிச் சப்பாத்தைக் கழற்றி, கம்பளிக் காலுறையோடு அவள் வட்டத்தில் நின்றாள். அவளுடைய வலக் கையைப் பிடித்தவள் ஒரு உயரமான கறுப்பினப் பெண். ஹெயிட்டியில் பிறந்தவள், தாதி, பெயர் மிர்லாந்த் என்று பிறகு தெரிந்துகொண்டாள். "பயப்படாதே, நானும் போன கிழமைதான் வந்தேன். எனக்கும் ஒன்றும் தெரியாது" என்று மிர்லாந்த் காதுக்குள் சொன்னாள்.

அன்று ஆடியது பிரான்ல் என்ற வட்ட ஆட்டம். பிரெஞ்சு அரச சபைகளிலும் ஊர்ச் சந்திகளிலும் நானூறு வருடங்களுக்கு முன்னால் எல்லோரும் ஆடியது என்று மோட் சொன்னாள். பழைய நடனங்களைத் தொடங்குகிறவர்கள் இதில்தான் தொடங்க வேண்டுமாம். இடப்பக்கம் பெரிதாகக் கால் வைக்க வேண்டும், வலப்பக்கம் சிறிதாக. இடம் பெரிது, வலம் சிறிது. அதனால் வட்டம் ஒரே இடத்தில் ஆடுவது போல இருந்தாலும், மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். தொடங்கும்போது அவள் கதவுக்கு நேரே நின்றாள். இசை முடிந்தபோது ஜன்னலடியில் நின்றாள். எப்போது அங்கே வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"உங்களுக்கு இந்திய நடனம் தெரியும்போல?" என்று மோட் கேட்டாள்.

"இல்லை. நான் இலங்கை. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடினேன்."

அது எல்லோருக்கும் பெரிய பகிடியாகப் போயிற்று. அவளும் சிரித்தாள். கட்டடத்தின் வாசலுக்கு வந்து காருக்காக நிற்கும்வரை அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டியிருந்தது. கார் தெரிந்ததும் துடைத்துவிட்டாள்.

"இண்டைக்கு என்ன படிப்பிச்சவை?" என்று கஜீவன் கேட்டான்.

"வலம், இடம். வழி கேக்கிறது."

பொய் சொல்லவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனியும் போனாள். பிரெஞ்சுப் புத்தகப் பைக்குள், அடிப்பாகம் தோலால் ஆன தட்டைச் சப்பாத்து ஒன்றை ஒளித்துக் கொண்டுபோனாள். மாசி பிறந்தபோது மோட் மினுவே என்ற அரசவை நடனத்தைப் பழக்கத் தொடங்கினாள். அதுதான் உண்மையில் கஷ்டமான வேலை. முழங்காலை மடக்கி, பிறகு விரல்நுனியில் எழ வேண்டும். மடக்குவது தாளத்துக்கு முன்னால், எழுவது தாளத்தில். இசை மும்மூன்றாகப் போகும். கால்களோ ஆறு எண்ணுக்குள் நான்கு முறை மாறும். இசையை எண்ணினால் கால் குழம்பும், காலை எண்ணினால் இசை தப்பும். களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு நாடா ஒட்டும்போது மேசைக்குக் கீழே அவள் கால் மடங்கி எழும்பிக்கொண்டிருந்தது. "கால் நோகுதோ?" என்று கஜீவன் தூரத்திலிருந்து கேட்டான்.

மினுவே இருவர் ஆட்டம். அவளுக்கும் மிர்லாந்துக்கும் சோடி அமைந்தது. மிர்லாந்த் உயரம் என்பதால் ஆணின் பகுதியை ஆடினாள். இருவரும் எதிரெதிர் மூலைகளில் நிற்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தபடி குறுக்கே வந்து, நடுவில் தோள் உரசாமல் கடந்து, மற்ற மூலைக்குப் போய்விடுவார்கள். திரும்பவும் அப்படியே. தொடுவதென்றால் ஒரு கை மட்டும், அதுவும் சில இடங்களில், கொஞ்ச நேரத்துக்கு. கடைசியில் ஆணின் பகுதி ஆடுபவர் கையை உயர்த்திக் குறிப்புக் காட்டினால் இரண்டு கைகளும் சேரும், ஆட்டம் முடியும்.

பிரஷாந்தினிக்கு அதில் பிடித்தது நடையோ கை வீச்சோ இல்லை. மூலையில் நிற்கும்போது அவளைச் சுற்றி வெறுமையாகக் கிடக்கும் தரை. எதிரே ஓர் ஆள் இருக்கிறாள், அவளைப் பார்க்கிறாள், ஆனால் அங்கேயே இருக்கிறாள். தன் வழியில் வருகிறாள், தன் வழியில் போகிறாள். பார்க்கிற ஒருவரிடமிருந்து இவ்வளவு தூரத்தில் தான் கடைசியாக எப்போது நின்றோம் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். நினைவில் வரவில்லை.

"நீ ஆடும்போது வேறு ஆளாக இருக்கிறாய்" என்று ஒருநாள் மிர்லாந்த் சொன்னாள். "வீட்டில் பழகுகிறாயா?"

"வீட்டில் இடமில்லை" என்றாள் பிரஷாந்தினி. நான்கு படுக்கையறை வீடு.

பங்குனி நடுவில், உறைமழை வரப்போகிறது என்று வானொலியில் சொன்ன ஒரு சனிக்கிழமை, ரோட்டு மோசமாவதற்கு முன்னால் அவளைக் கூட்டிப்போக வேண்டும் என்று கஜீவன் நேரத்தோடு வந்துவிட்டான். கீழ்த்தட்டுக்குப் போனான். பூட்டிய கதவிலிருந்த தாளைப் படித்தான். போனைப் பார்த்தான். நீலப் புள்ளி கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. இசை கேட்ட திசையில் ஏறி வந்தான்.

அவள் குறுக்கே வந்துகொண்டிருந்தாள். மிர்லாந்தின் தோளுக்கு அப்பால் கதவடியில் அவன் நிற்பது தெரிந்தது. காரில் அவள் விட்டுவிட்டுப் போன கழுத்துத் துண்டு அவன் கையில் இருந்தது. கால் ஒரு எண்ணுத் தப்பியது. நின்றுவிடவில்லை. நின்றால் என்ன நடக்கும் என்று தெரியாத பயத்தில் தொடர்ந்து ஆடினாள். இசை முடிந்ததும் கஜீவன் கைதட்டினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் மனைவி" என்று பிரெஞ்சில் சொன்னான். அவன் பிரெஞ்சு நல்ல பிரெஞ்சு.

கண்ணாடித் துடைப்பானைப் போட்டுவிட்டு அவன் காரை எடுத்தான். ஒரு மாதத்துக்கு மேலாக இந்தச் சண்டைக்கு அவள் ஆயத்தமாக இருந்தாள். என்ன கேட்பான், என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம் சமைக்கும்போதும் தலை தோயும்போதும் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சும்மாதான்."

"நான் ஏசுவன் எண்டு நினைச்சனீரோ? நான் எப்பவாவது உமக்கு ஏசியிருக்கிறனோ?"

"இல்லை."

கஜீவன் அவள் பக்கம் திரும்பினான். அவன் கண்களில் கோபம் இல்லை. ஏதோ புதையல் கண்ட மாதிரி ஒரு பளபளப்பு.

"நீர் இவ்வளவு வடிவா ஆடுவீர் எண்டு எனக்குத் தெரியாது, பிரஷா. சொல்லியிருந்தால் நானும் வந்திருப்பனே!"

சண்டை வந்திருந்தால் பரவாயில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை அவனும் சப்பாத்தோடு வந்தான். மோட்டுக்கு ஒரே சந்தோசம், ஆண்கள் கிடைப்பதில்லையே. மிர்லாந்த் விலகி, புதிதாக வந்த ஒரு கிழவரோடு சோடி சேர்ந்தாள். கஜீவன் விரைவாகப் பழகினான். எதையும் விரைவாகப் பழகுகிறவன்தான் அவன். இரண்டு கிழமையில் அவளுடைய முழங்கால் போதியளவு மடங்கவில்லை என்று கண்டுபிடித்தான். வீட்டில் சோபாக்களைச் சுவரோடு தள்ளி, களஞ்சியத்திலிருந்து கொண்டுவந்த மஞ்சள் நாடாவால் தரையில் பாதை ஒட்டினான். சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பயிற்சி. அவள் சமையலறைக்குப் போகும்போதும் அந்த மஞ்சள் கோடுகளின் மேல் நடந்துதான் போக வேண்டியிருந்தது.

மூலையிலிருந்து குறுக்கே வரும்போது கஜீவன் பாதையைக் கொஞ்சம் சுருக்கி முன்னதாகவே வந்து, அவள் தன்னைக் கடக்கும்வரை நின்று பார்த்துக்கொண்டிருப்பான். "அவளை நீங்கள் கூட்டிப்போக வேண்டியதில்லை. உங்கள் பாதையில் நீங்கள் போங்கள், அவள் பாதையில் அவள் வருவாள்" என்று மோட் சொல்வாள். அவன் சிரித்துக்கொண்டு தலையாட்டுவான். மறுமுறையும் அப்படியே செய்வான். கடைசிக் குறிப்பையும் எப்போதும் நேரத்துக்கு முன்னதாகவே காட்டுவான். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடுவில் நிற்பான். அவள் வந்து கொடுப்பாள். இசை மிச்சமிருக்க ஆட்டம் முடிந்துவிடும். "என்ன காதல்!" என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

ஒருநாள் கைகழுவும் இடத்தில் மிர்லாந்த் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் கணவர் நல்லவராகத் தெரிகிறார்."

"நல்லவர்தான்."

"பிறகு ஏன் நீ சிரிப்பதில்லை?"

பிரஷாந்தினி குழாயை மூடினாள். சொல்ல வாயெடுத்தாள். வெளியே கஜீவன் கதவைத் தட்டி, "பிரஷா, என்ன செய்யுது? சுகமில்லையோ?" என்று கேட்டான்.

சித்திரையில் ஈஸ்டர் வந்தது. நடன வகுப்பின் பருவம் முடிகிற நாளில், குடும்பத்தாரை அழைத்து அதே மண்டபத்தில் ஒரு சிறிய நிகழ்ச்சி வைத்தார்கள். கஜீவன் இருவருக்கும் ஒரே நீலத்தில் பட்டுத் துணி எடுத்துத் தைப்பித்திருந்தான். அவளுடைய அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று போனை ஒரு கதிரையில் நிறுத்தி, படம் பிடிக்கப் போட்டுவிட்டு வந்தான்.

முறைப்படி வணங்கினார்கள். ஒரு கை கொடுத்து, பிரிந்து, மூலைகளுக்குப் போனார்கள். குறுக்கே வந்தார்கள், கடந்தார்கள். இரண்டாம் முறை அவள் தன் மூலையில் எழும்பித் திரும்பியபோது, கஜீவன் ஏற்கனவே நடுவுக்கு வந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். முகம் முழுக்க அன்பு. இசையில் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது.

அவள் குறுக்கே வந்தாள். கிட்டே வந்தாள். அவன் விரல்கள் அவள் விரல்களுக்காக அசைந்தன. அவள் கொடுக்கவில்லை. திட்டமிட்டுச் செய்ததல்ல அது. கை எழும்பவே இல்லை. அவனைக் கடந்து மற்ற மூலைக்குப் போய், முழங்காலை மடக்கி, எழும்பித் திரும்பிப் பார்த்தாள். கஜீவன் வெறுங்கையோடு நடுவில் நின்றான். பிறகு அவனுக்கும் வேறு வழி இருக்கவில்லை. கைகளை இறக்கிக்கொண்டு தன் மூலைக்குப் போனான். இன்னொரு முறை இருவரும் குறுக்கே வந்தார்கள். இந்தத் தடவை அவன் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். மண்டபத்தில் இருந்தவர்கள் அது ஆட்டத்தின் ஒரு பகுதி என்று நினைத்துப் பலமாகக் கைதட்டினார்கள்.

கார் வீட்டு வாசலுக்கு வந்து நின்றதும் கஜீவன் கேட்டான்.

"ஏன் கை தரேல்லை?"

"இன்னும் இசை இருந்தது."

"அவ்வளவு பேருக்கு முன்னாலை என்னை விசரன் மாதிரி நிக்க வைச்சிட்டீர்."

"இஞ்சருங்கோ" என்றாள் அவள். "அடுத்த பருவம் நீங்கள் வரவேண்டாம். நான் தனியப் போறன்."

அவன் காரின் சாவியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் என்ன பிழை செய்தனான்?"

"ஒண்டும் செய்யேல்லை."

"பேந்து ஏன்?"

"நீங்கள் எல்லா இடத்திலையும் நிக்கிறீங்கள், கஜீவன். எனக்குத் திரும்ப இடமில்லை." கலியாணமான நாளிலிருந்து அவன் பெயரை அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. "உங்கடை அக்கான்ரை கதையைக் கேட்ட நாளிலை இருந்து நான் உங்களிட்டை ஒண்டும் கேக்கேல்லை. அவவுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தனான். ஆனால் நான் அவ இல்லை."

கஜீவன் இறங்கி, கார்க் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போனான். பலமாக அடித்துச் சாத்தியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா அழைத்தாள். "என்ன பிள்ளை, அவர் போனிலை அழுகிறார். தங்கமான மனுசன். கூத்தாடப் போய் குடும்பத்தைக் குலைக்கப் போறியே?" என்றாள். பிரஷாந்தினி கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா களைத்த பிறகு, "நான் கூத்தாடத்தான் போறன், அம்மா. குடும்பத்தை ஒண்டும் செய்யேல்லை" என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்த பிறகு, கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவினாள்.

இரண்டு கிழமை வீடு பேச்சில்லாமல் கிடந்தது. காரில் ஒன்றாகத்தான் போனார்கள். களஞ்சியத்தில் அதே மேசையில்தான் சாப்பிட்டார்கள். மஞ்சள் நாடாவை ஒருநாள் அவன் மண்டியிட்டு உரித்தான். பசை தரையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

புதிய பருவம் தொடங்கும் சனிக்கிழமை காலை, "போறதெண்டால் போம். ஆனால் எப்பிடிப் போவீர்?" என்று கேட்டான். மிரட்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை.

"பஸ்ஸிலை."

இல்-பிசாரில் சனிக்கிழமைகளில் பஸ் எப்போதாவதுதான் வரும். இடையில் இறங்கி வேறொன்று பிடிக்க வேண்டும். அவள் பஸ் நேரத்தைப் பிரெஞ்சிலேயே படித்து வைத்திருந்தாள். பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது, தெரு முனையில் அவர்களுடைய கார் மெல்ல வந்து நின்றது. பஸ் வந்தது; ஏறினாள். பாலத்தைத் தாண்டும்போது பின்கண்ணாடி வழியே பார்த்தாள். கார் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. இறங்கி மற்ற பஸ்ஸுக்கு நின்ற இடத்திலும் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றது. ஓடிப்போய் ஏசலாமா, காரிலேயே ஏறிவிடலாமா என்று இரண்டும் மாறி மாறி வந்தது. இரண்டையும் செய்யவில்லை.

மண்டபத்தின் ஜன்னலால் பார்த்தால் கட்டடத்தின் வாகனத் தரிப்பிடத்தில் கார் தெரிந்தது. முன்னிருக்கையில் அவன் தலை. மிர்லாந்த் அவளைக் கட்டிப்பிடித்து, "என் சோடி திரும்பி வந்துவிட்டாள்" என்றாள். வகுப்பு முடிந்து வெளியே வந்து, பிரஷாந்தினி நேரே காருக்குப் போனாள். அவன் கண்ணாடியை இறக்கினான்.

"பஸ் வர இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கு" என்றான்.

"தெரியும்."

"மழை வரப் பாக்குது."

"ஓம்."

அவன் ஸ்டியரிங்கில் விரல்களைத் தட்டினான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவளுக்கு இரக்கமாக இருந்தது. அந்த இரக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதும் தெரிந்திருந்தது.

"அப்ப... நான் போகட்டோ?" என்றான் கஜீவன்.

அவன் அவளிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல்தடவை. "போங்கோ. நான் வாறன்" என்றாள். கார் ஊர்ந்து போய், தெரு முனையில் நெடுநேரம் நின்று, பிறகு திரும்பியது. அவள் நனைந்துகொண்டுதான் வீட்டுக்குப் போனாள். அவன் துவாயைக் கொண்டுவந்து கதிரையில் வைத்துவிட்டு உள்ளே போனான். துடைத்துவிடவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை கஜீவன் கோப்பியைக் குடித்து முடித்து, "நான் இண்டைக்கு வரேல்லை. கராஜ் கூட்ட வேணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அவள் தலையாட்டினாள்.

பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது தெரு முனையில் கார் இல்லை. பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, பாலம் முடியும்வரை பின்கண்ணாடியைப் பார்த்தாள். அவர்களுடையதைப் போலவே நீலக் கார் ஒன்று வந்தது. அது வேறு யாருடையதோ. மற்ற பஸ்ஸிலும் பார்த்தாள். மண்டபத்துக்குப் போய்ச் சப்பாத்து மாற்றும்போதும் ஜன்னலடிக்குத்தான் முதலில் போனாள். வாகனத் தரிப்பிடம் வெறுமையாகக் கிடந்தது. அது வெறுமையாக இருக்கிறதே என்று நெஞ்சு அடித்தது. கஜீவனுக்கு ஏதும் நடந்திருக்குமோ என்று நினைத்தாள். போனை எடுத்து, வைத்து, திரும்பவும் எடுத்தாள்.

ஆட்டம் தொடங்கியும் கண் ஜன்னலுக்குத்தான் போனது. மிர்லாந்த் மறு மூலையிலிருந்து குறுக்கே வர, இவள் வேறெங்கோ பார்த்தபடி வந்து, நடுவில் தோளோடு தோள் முட்டிக்கொண்டாள். மிர்லாந்துக்கு நன்றாக நொந்திருக்க வேண்டும்.

"ஜன்னலில் என்ன இருக்கிறது?"

"ஒன்றுமில்லை" என்றாள் பிரஷாந்தினி. "ஒன்றுமே இல்லை. அதுதான்."

மிர்லாந்த் தோளைத் தடவிக்கொண்டாள். பிறகு மோட்டை நோக்கிக் கையை உயர்த்தி, "முதலில் இருந்து" என்றாள். இருவரும் தங்கள் தங்கள் மூலைகளுக்குப் போனார்கள். மோட் இசையை மறுபடி போட்டாள். பிரஷாந்தினி முழங்காலை மடக்கினாள், ஒரு எண்ணு முந்திவிட்டது, தாளத்துக்குக் காத்திருந்து எழும்பினாள்.